பழைய ஃபோர்ட்ரான் நிரலுக்கு ஓபன்எம்பியா, எம்பிஐயா?

ஒற்றைச் செயலிக்காக எழுதிய பழைய உருவகப்படுத்தல் நிரலைப் பல செயலிகள் ஒன்றாக இயங்கும் பேரிணைக் கணினிக்குக் கொண்டுசெல்வோர் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் தயங்குகிறார்கள். ஓபன்எம்பி (OpenMP), ஒரே நினைவகத்தைப் பகிரும் பல இழைகளுக்கு வேலையைப் பிரிக்கும் முறை; எம்பிஐ (MPI), தனித்தனி நினைவகம் கொண்ட செயல்முறைகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக் கணக்கிடும் முறை.

உழைப்பு: ஓபன்எம்பியில் அதிக நேரம் விழுங்கும் சுழற்சிகளுக்கு மேலே கட்டளை வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், மாற்றம் பாதியில் இருக்கும்போதும் நிரல் இயங்கும். எம்பிஐயில் கணக்கீட்டுப் பரப்பையே துண்டுகளாக்கி, ஒவ்வொரு காலப்படியிலும் விளிம்பு மதிப்புகளை அண்டைத் துண்டுகளுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், தரவமைப்பே மாறிவிடும்.

எல்லை: ஓபன்எம்பி நினைவகத்தைப் பகிரும் ஒரே கணுவுக்குள் (பேரிணைக் கணினியில் உள்ள தனிக் கணினி ஒன்றுக்குள்) நின்றுவிடும், எம்பிஐ ஆயிரக்கணக்கான கணுக்களுக்குப் பரவும். ஆனால் கணக்கின் அளவு மாறாமல், 5 விழுக்காடு வேலை தொடர்முறையிலேயே (பிரிக்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக) தங்கிவிட்டால், அந்தப் பகுதியே மொத்த வேகத்துக்கு வரம்பு என்னும் ஆம்டால் விதிப்படி எதைத் தேர்ந்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. இப்படித் தங்கிவிடக்கூடியது கோப்பு எழுதும் பகுதி, அதை முதலில் பாருங்கள்.

பிழைதிருத்தம்: காமன் பிளாக்கில் (துணைநிரல்கள் பொதுவாகப் பகிரும் ஃபோர்ட்ரான் நினைவகப் பகுதியில்) கிடக்கும் தற்காலிக மாறி ஒன்றை ஒவ்வொரு இழைக்கும் தனியாக்க மறந்தால், ஓபன்எம்பி நிரல் சத்தமில்லாமல் ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு விடை தரும். எம்பிஐயில் அனுப்புதலும் பெறுதலும் பொருந்தாவிட்டால் நிரல் பெரும்பாலும் அப்படியே உறைந்துவிடும். கண்ணில் படுகிற பிழை என்பதால் அதுவே மேல் என்பேன். இரண்டிலும் கூட்டல் வரிசை மாறுவதால், கடைசி இலக்கங்கள் பழைய விடையோடு பொருந்தாமல் போகலாம்.

ஒரே கணுவில் முடிகிற கணக்குக்கு ஓபன்எம்பி போதும்; தரவு ஒரு கணுவின் நினைவகத்தில் அடங்காவிட்டால், எம்பிஐக்கான உழைப்பை ஏற்றுக்கொள்வதே சரி.