டென்னிஸ் எல்போவுக்கு தெராபேண்ட் ஃப்ளெக்ஸ்பார்: வாங்கலாமா?

டென்னிஸ் எல்போ எனும் முழங்கை வெளிப்பக்க வலிக்குப் பயன்படும் ஃப்ளெக்ஸ்பார், ஓரடி நீள ரப்பர் கட்டை. பிடி வழுக்காமலிருக்க மேலே வரிவரியாக மேடு. புதிதாகப் பிரிக்கும்போது ரப்பர் வாடை தூக்கும், சில நாளில் போய்விடும். கையில் வாங்கிப் பார்த்தால் "இதற்கா இவ்வளவு விலை?" என்றுதான் தோன்றும். ஆனால் திருகும் முறை தெரிந்தவர்களுக்கு இது கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். தெரியாதவர்கள் வெறுமனே வளைத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுவார்கள்.

அந்த முறையை ஆராய்ந்தவர் நியூயார்க் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையின் நிக்கோலஸ் விளையாட்டு மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் டிமோதி டைலர். அதனால்தான் பிசியோ வட்டாரத்தில் இதற்கு 'டைலர் ட்விஸ்ட்' என்று பெயர். 2010இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில் நாள்பட்ட முழங்கை வலிக்காரர்கள் 21 பேர். எல்லோருக்கும் வழக்கமான பிசியோ சிகிச்சை உண்டு. 11 பேருக்கு மட்டும் கூடவே இந்தக் கட்டைப் பயிற்சி. ஏறக்குறைய ஏழு வாரம் கழித்துப் பார்த்தால் கட்டை பிடித்தவர்களுக்கு வலி 81% குறைந்திருந்தது, மற்றவர்களுக்கு 22%. சின்ன ஆய்வுதான். எல்லோருக்கும் 81% கிடைக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். ஆனாலும் இரண்டு குழுவுக்கும் இடையே இருந்த தூரம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

மணிக்கட்டைப் பின்னுக்குத் தூக்கும் தசைகளின் நாண் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒட்டியிருக்கிறது. துணி பிழிவது, ஸ்க்ரூ டிரைவர் திருகுவது எல்லாம் அங்கேதான் இழுக்கும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் வீக்கத்தைவிட அந்த நாணின் சிதைவே பெரிது. அதனால் மாத்திரையும் ஓய்வும் மட்டும் போதுவதில்லை. தசை நீளும்போது அதன்மேல் அளவாகச் சுமை ஏற வேண்டும். கிளினிக்கிலுள்ள பெரிய எந்திரத்தில் செய்துவந்த இந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் இந்தக் கட்டையின் பெருமை.

வலியுள்ள கையில் கட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, அந்த மணிக்கட்டை முழுக்கப் பின்னுக்கு மடக்குங்கள். நல்ல கையால் மேல்முனையைப் பிடியுங்கள், உள்ளங்கை உங்களைப் பார்க்காமல் வெளியே பார்க்கட்டும். இப்போது நல்ல கை மட்டும் முறுக்க வேண்டும். வலியுள்ள கை அசையக்கூடாது. முறுக்கு தளராமல் இரண்டு கைகளையும் முன்னே நீட்டுங்கள், முழங்கை நேராக, கட்டை படுக்கைவாட்டில். இனி வலியுள்ள மணிக்கட்டை மட்டும் மெல்ல மெல்ல முன்னோக்கி விடுங்கள். ஒரு முறை விடுவதற்கு நான்கு விநாடி. இப்படி 15 முறை, 30 விநாடி இடைவெளி, மொத்தம் மூன்று செட், தினமும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில். நல்ல கை தன்னையறியாமல் தளர்ந்துவிடும். முறுக்கு பிரிந்திருக்கும், ஆனால் வலியுள்ள மணிக்கட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். கட்டை பிரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்த மணிக்கட்டு நகர்ந்தது என்று பாருங்கள். 'டப்'பென்று விட்டாலும் பயனில்லை. முழங்கை மடங்கினால் தசை முழு நீளத்துக்கு இழுபடாது.

நிறம் தேர்ந்தெடுப்பதில்தான் அடுத்த தவறு. மஞ்சள் மிக மென்மை, பிறகு சிவப்பு, பச்சை, நீலம். வளைக்கத் தேவையான விசை சிவப்புக்கு ஏறத்தாழ 4.5 கிலோ, பச்சைக்கு 6.8, நீலத்துக்கு 11.3. பலம் இருக்கிறதென்று எடுத்தவுடன் நீலத்துக்குப் போகாதீர்கள். பெரும்பாலோருக்குச் சிவப்பு சரி. பிடித்தாலே வலிக்கிறவர்களுக்கு மஞ்சள். மூன்று செட்டும் தொந்தரவில்லாமல் முடிந்தால் அடுத்த நிறம். வேறு கம்பெனிக் கட்டை வாங்கினால் நிறத்தை நம்பாதீர்கள், விறைப்பு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

செய்யும்போது லேசான வலி இருக்கும், அது பரவாயில்லை. குத்துகிற வலி வந்தாலோ மறுநாள் காலையிலும் கூடியிருந்தாலோ ஒரு நிறம் கீழே இறங்குங்கள். விரல்கள் மரத்துப்போனால், கழுத்திலிருந்து வலி இறங்கினால், கட்டையை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்; அது வேறு கோளாறாக இருக்கலாம்.

முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறவர்களுக்கும் இதே கட்டைதான், திசை மட்டும் தலைகீழ்: மணிக்கட்டு உள்ளே மடிந்த நிலையில் தொடங்கி, மெல்லப் பின்னுக்கு விட வேண்டும். டைலர் குழு அதையும் 2014இல் ஒரு சிறு ஆய்வாக வெளியிட்டது.