மூடிய அறைக்குள் மூச்சுக்காற்றைக் கவனிப்பது யார்?

விண்வெளிக்குப் போகாமல், தரையிலேயே கதவை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாழ்ந்து பார்த்த ஒத்திகைகள் பல. மாஸ்கோவில் 2010-11இல் 6 பேர் 520 நாள் அடைபட்டிருந்த மார்ஸ்-500 போன்றவை பெரும்பாலும் மனிதர்களின் மனத்தைச் சோதித்தவை. நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறு வகை. உள்ளே இருப்பவர்களின் மூச்சே அங்குள்ள செடிகளையும் இயந்திரங்களையும் நம்பியிருந்த நான்கு இடங்கள். அங்கெல்லாம் காற்றின் அளவைக் காட்டும் மீட்டரை யார் பார்த்தார்கள், அளவு தப்பான பக்கம் நகர்ந்தபோது சரிசெய்ய அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதே என் கேள்வி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆள் ஒரு நாளில் சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரில் சோவியத் விஞ்ஞானிகள் கட்டிய பயோஸ்-3 கூடத்தின் கொள்ளளவு 315 கனமீட்டர். உள்ளே 3 பேர். செடிகள் வேலை செய்யாவிட்டால் அங்கே கார்பன் டை ஆக்சைடு மணிக்கு 200 பிபிஎம்முக்கு மேல் ஏறும் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, வெளிக்காற்றில் இருப்பதே 400 சொச்சம்தான்). அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் பயோஸ்பியர்-2 அதைவிடப் பல நூறு மடங்கு பெரிய கண்ணாடி மாளிகை, மூன்று ஏக்கருக்கு மேல் பரப்பு. அங்கே 8 பேர் விடும் மூச்சால் ஒரு நாள் முழுக்க ஏறுவது 25 பிபிஎம்கூட இருக்காது.

இதை வைத்துப் பெரிய இடம்தான் பாதுகாப்பு என்று எண்ணத் தோன்றும். நடந்தது நேர்மாறு.

பயோஸ்பியர்-2க்குள் 1991 செப்டம்பர் 26 அன்று 8 பேர் நுழைந்தார்கள். மழைக்காடு, குட்டிக் கடல், வயல் எல்லாம் உள்ளேயே. கார்பன் டை ஆக்சைடைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது; பகலுக்கும் இரவுக்கும் இடையிலேயே அது 600 பிபிஎம் வரை ஏறி இறங்கும், குளிர்காலத்தில் வெயில் குறைந்தால் ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். ஆனால் ஆபத்து ஆக்சிஜன் பக்கம் இருந்தது. 20.9 சதவீதத்தில் தொடங்கி, 16 மாதத்தில் 14 சொச்சத்துக்கு இறங்கியது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: 0.014 சதவீதம். நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அலாரம் அடிக்கும் அளவுக்குப் பெரிய மாற்றம் எந்த நாளிலும் இல்லை.

வயலுக்கு உரமேறிய மண்ணைக் கொட்டியிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விட்டன. அப்படியானால் குறைந்த ஆக்சிஜனுக்கு ஈடாக இது ஏறியிருக்க வேண்டுமே, ஏறவில்லை. கட்டடத்தின் பூசப்படாத கான்கிரீட் அதைச் சத்தமில்லாமல் உறிஞ்சிச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றிக்கொண்டிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செவரிங்ஹாஸும் புரோக்கரும் கான்கிரீட்டைச் சோதித்துத்தான் இந்தப் புதிரை விடுவித்தார்கள். எந்த மீட்டரை நம்பினார்களோ, அதன் அளவையே சுவர் மாற்றிக் காட்டியிருக்கிறது. இந்த ஒத்திகைகளைப் பற்றிப் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கியது இதுதான். உள்ளே இருந்தவர்கள் 4,000 மீட்டருக்கு மேல் மலையில் வாழ்வது போல மூச்சிரைத்தார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுந்தார்கள். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று.

சரி, சின்ன இடத்துக்கு வருவோம். பயோஸ்-3இல் 1972 கடைசியில் தொடங்கிய சோதனை 180 நாள் ஓடியது. இரும்புத் தகடால் மூடிய கூடம், நான்கு அறைகள். ஒன்றில் ஆட்கள், மற்றவற்றில் கோதுமையும் காய்கறியும் குளோரெல்லா பாசியும். சூரியனுக்குப் பதில் செனான் விளக்குகள், சுற்றிலும் தண்ணீர் ஓடும் உறை போட்டு. இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அன்றாடக் கட்டுப்பாடு முழுக்க உள்ளே இருந்தவர்கள் கையில் இருந்தது. காற்றைப் பார்ப்பதும் அவர்கள்தான், விளக்கையும் பாசித் தொட்டியையும் திருத்துவதும் அவர்கள்தான். தவறு நடந்தால் சில மணி நேரத்தில் எண்ணிலேயே தெரிந்துவிடும், எழுந்து போய்க் கை வைக்கலாம். காற்று கிட்டத்தட்ட முழுவதும் மறுசுழற்சியானது. விலையும் உண்டு. விதைப்பு, அறுவடை, மாவரைப்பு, ரொட்டி சுடுவது போக மீதி நேரத்தில்தான் மற்ற வேலை.

நாசா 1997இல் ஹூஸ்டனில் செய்தது வேறு மாதிரி. 4 பேர், 91 நாள். காற்றைச் சுத்தம் செய்யும் வேலையில் சுமார் கால் பங்கைக் கோதுமைப் பயிரும் மீதியை இயந்திரங்களும் பார்த்துக்கொண்டன. வெளியே ஒரு குழு இரவு பகலாகத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இயந்திரத்துக்கு ஒரு வசதி: எப்போது அணைக்கலாம், எவ்வளவு நேரத்தில் பலன் தெரியும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம். செடியிடம் அதைக் கேட்க முடியாது. மூன்று மாதச் சோதனைக்கு இந்த ஏற்பாடுதான் சரி என்பேன்.

பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தில் உள்ள யுயேகோங்-1 கூடம் இவர்களிடமிருந்தெல்லாம் பாடம் படித்த மாதிரி இருக்கிறது. 2017 மே முதல் 2018 மே வரை 370 நாள், நாலு நாலு பேராக இரண்டு குழு மாறி மாறி உள்ளே இருந்தது. ஆள் மாறினால் மூச்சின் அளவும் மாறும். அப்போது சோயாவுக்கு விளக்கு எரியும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துக் காற்றைச் சமன் செய்தார்கள். புரதத்துக்கு மாவுப்புழு வளர்த்துச் சாப்பிட்டார்கள். நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும், ஆனால் அதுவும் காற்றுக் கணக்கில் ஒரு வரிதான், புழுவும் மூச்சு விடுகிறதே.

செவ்வாய்ப் பயணத்துக்கு எதை எடுப்பது? என் தேர்வு பயோஸ்-3 முறை, ஒரு திருத்தத்தோடு. அன்றன்றைக்கு எண்ணைப் பார்ப்பதும் திருத்துவதும் உள்ளே இருப்பவர்களிடம் இருக்கட்டும். மாதக்கணக்கில் மெல்லச் சரியும் கோட்டைப் பார்க்கும் வேலையைப் பூமியில் இருப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். மூச்சிரைப்பில் இருக்கும் ஆளிடம் 0.014 சதவீதத்தைக் கண்டுபிடி என்று சொல்வது நியாயமில்லை. ஒரே அளவை இரண்டு வழியில் சரிபார்க்கவும் வேண்டும்: குறைந்த ஆக்சிஜனும் கூடிய கார்பன் டை ஆக்சைடும் ஒன்றுக்கொன்று ஒத்துவருகிறதா என்று வாரம் ஒருமுறையாவது.

தூரத்தையும் கணக்கில் எடுத்துவிடலாம். செவ்வாயிலிருந்து ஒரு செய்தி வந்து சேர 22 நிமிடம் வரை ஆகும். கேட்டுப் பதில் பெற 44. பயோஸ்-3 அளவுள்ள கூடத்தில் செடிகள் மொத்தமும் நின்றுபோனாலும் அந்த 44 நிமிடத்தில் கார்பன் டை ஆக்சைடு 160 பிபிஎம்தான் ஏறும், தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒயர் கருகிப் புகை வந்தால் 44 நிமிடம் யாரும் காத்திருக்க முடியாது. மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச் உள்ளே இருப்பவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.