அம்பாசிடரில் இரட்டை வேக வைப்பர்: பல மழைக்காலங்களுக்குப் பிறகு

புதுச்சேரியில் பழைய அம்பாசிடர் ஓட்டுகிறவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் வைப்பருக்குச் சோதனைக் காலம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது இந்தப் பக்கம்தான். அந்த மாதிரி மழைக்கு ஒற்றை வேக மோட்டார் போதாது. என் வண்டியில் அதைக் கழற்றிவிட்டு, நிலைக்காந்தம் உள்ள இரட்டை வேக மோட்டார் போட்டுப் பல மழைக்காலம் ஆகிறது. மோட்டாரைக் குறை சொல்ல எதுவுமில்லை. அது ஒழுங்காக உழைப்பது ஒயரிங்கைப் பொறுத்தது.

மோட்டாருக்கு உள்ளே மூன்று பிரஷ், அதாவது சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டுகள். எதிரெதிரே இருக்கும் இரண்டும் மெதுவேகத்துக்கு. சற்றுத் தள்ளி இருக்கும் மூன்றாவதுக்கு மின்சாரம் கொடுத்தால் வேகம் கூடும், இழுக்கும் ஆம்பியரும் கூடும். மெதுவேக ஒயர், அதிவேக ஒயர் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போகவே கூடாது.

பலரும் தடுமாறுவது பார்க்கிங் ஒயரில்தான். வைப்பர் கைகள் கண்ணாடியின் அடிக்கு வரும்வரை, கியரில் இருக்கும் கேம் (கியரோடு சுற்றி இணைப்பை மாற்றும் வட்டு) அந்த ஒயருக்கு 12 வோல்ட் தரும். வந்து சேர்ந்ததும் அதை எர்த்துக்கு மாற்றிவிடும். சுவிட்சை அணைத்ததும் மெதுவேக ஒயர் இதோடு இணைய வேண்டும். அப்போதுதான் கைகள் தாமாகவே கீழே போகும். போன இடத்தில் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) ஷார்ட் ஆகி, பிரேக் பிடித்த மாதிரி சட்டென்று நிற்கும். சாதாரண டாகிள் சுவிட்ச் மட்டும் போட்டால், அணைத்த இடத்திலேயே, கண்ணாடிக்கு நடுவிலேகூட, கைகள் நின்றுவிடும்.

நான் நம்புவது ஐந்து பின் ரிலே இரண்டு வைக்கும் முறையை. ரிலே என்பது, உள்ளே இருக்கும் காயிலுக்குச் சிறு மின்சாரம் கொடுத்தால் இழுத்து மாறும் சுவிட்ச்; அதில் 30 என்ற பின் சும்மா இருக்கும்போது 87ஏ பின்னோடும், இழுத்ததும் 87 பின்னோடும் இணையும். முதல் ரிலேயில் 87க்கு ஃப்யூஸ் வழியாக பேட்டரி, 87ஏக்குப் பார்க்கிங் ஒயர். அதன் 30ஐ இரண்டாவது ரிலேயின் 30க்குக் கொண்டுபோக வேண்டும். அந்த இரண்டாவதில் 87ஏ மெதுவேகம், 87 அதிவேகம். அதிவேகத்துக்கு இரண்டு ரிலேயும் இழுக்க வேண்டும் என்பதால், சுவிட்சின் அதிவேக ஒயரிலிருந்து முதல் ரிலேயின் காயிலுக்கு ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது). இப்படிச் செய்தால் இரண்டு பிரஷுக்கும் சேர்ந்து மின்சாரம் போக வழியே இல்லை. பழைய டேஷ்போர்டு சுவிட்சும் சூடாகாது, ஏனென்றால் அதன் வழியே போவது காயில் மின்சாரம் மட்டும்தான்.

அப்புறம் எர்த். கடற்கரை ஊர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மோட்டார் பெரும்பாலும் ரப்பர் வாஷர் மேல் உட்காரும்; பாடியில் பெயிண்ட், துரு, உப்புக் காற்று வேறு. எர்த் பலவீனமானால் வேகம் குறையும், கைகளும் சரியான இடத்தில் நிற்காமல் வழுக்கும். அதனால் தடித்த கறுப்பு ஒயரை மோட்டார் உடலிலிருந்து நேரே பேட்டரி எர்த்துக்கு எடுத்துவிட்டேன். வருஷா வருஷம் புரட்டாசியில் லக்கை (ஒயர் முனையில் உள்ள வளையத்தை) கழற்றித் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுகிறேன். மற்றபடி பராமரிப்பு என்று அதிகம் இல்லை, மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் லிங்கேஜின் புஷ் தேய்ந்தால் மாற்றுவதோடு சரி.

பேருந்து எதிரே தண்ணீர் வாரி அடிக்கும் ஈசிஆரில் அதிவேகம் உண்மையிலேயே கைகொடுக்கிறது. சோதித்துப் பார்க்கிறவர்கள் கண்ணாடியை நனைத்துவிட்டுப் போடுங்கள். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் இழுத்து மோட்டாருக்கு வீண் சுமை.