டிரெய்லருக்கு பிரேக் வைத்து நாலு வருடம்

எங்கள் 45 எச்.பி. டிராக்டரும் இரண்டு சக்கர டிரெய்லரும் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம். வெட்டுக் காலத்தில் கரும்பு, மற்ற நாட்களில் எரு, செங்கல், எது கிடைத்தாலும் ஏற்றுவோம். முதல் மூன்று வருடம் டிரெய்லரில் பிரேக்கே கிடையாது. ஊரில் யாருக்கும் இல்லை, நமக்கு மட்டும் எதற்கு என்றிருந்தோம்.

ஒரு நாள் ஏரிக்கரை இறக்கத்தில், மழை விட்ட ஈர ரோட்டில், குறுக்கே மாடு வந்தது. மிதித்தேன். டிராக்டர் பிடித்தது, பின்னால் இருந்த பாரம் கேட்கவில்லை. அது தள்ளிய தள்ளில் வண்டி குறுக்கே திரும்பிவிட்டது. போதாக்குறைக்கு, இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டும் கொண்டியை, காலையில் உழும்போது கழற்றியதை, நான் திரும்ப மாட்டவில்லை. இடது, வலது பெடல் தனித்தனியாக இருந்தால் வயலில் திருப்ப வசதி. ரோட்டில் ஒன்றை மட்டும் மிதித்தால் அந்தப் பக்கச் சக்கரம்தான் பிடிக்கும். மாடு பிழைத்தது, நானும்தான்.

அடுத்த மாதமே ஹைட்ராலிக் பிரேக் வைத்தோம். பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் ஹோஸ் வழியாகப் போய் டிரெய்லர் சக்கரத்தையும் பிடிக்கும். பாரத்தோடு இறங்கும்போது முதுகில் யாரோ தள்ளுகிற அந்த உணர்வு போய்விட்டது. குறை இல்லாமல் இல்லை: காலி டிரெய்லரில் கொஞ்சம் அழுத்தினாலே சக்கரம் இழுபடுகிறது, டயர் தேய்கிறது. ஹோஸ் ஒருமுறை திருப்பத்தில் சிக்கி அறுந்தது. இப்போது பழைய சைக்கிள் டியூபால் டிரெய்லரின் ஏர்க்காலோடு (டிராக்டரோடு இணைக்கும் முன் தண்டு) சேர்த்துக் கட்டிவிடுகிறேன். ஹோஸைக் கழற்றியதும் அதன் வாயில் பாலிதீன் பையைச் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண் போய்விடும்.

டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கிப் பின்னுக்குக் கிளிப் இல்லாமல் வளைத்த ஆணியைச் செருகி ஓட்டிய காலமும் உண்டு. வேகத்தடையில் குதித்துக் குதித்து, ஆலை வாசலில் பார்த்தால் ஆணியைக் காணோம், கொக்கிப் பின் துளையிலிருந்து பாதி மேலே வந்திருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. இப்போது நல்ல கிளிப், கூடவே ஒரு சங்கிலி.

பாரம் ஏற்றுவதில் ஆட்களோடு தினமும் வாக்குவாதம்தான். டிரெய்லரில் முன்னால் அதிகம் குவித்தால் மேட்டில் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் பேச்சு கேட்காது. அதற்குத்தான் டிராக்டரின் முன்னால் இரும்பு வெயிட் மாட்டியிருக்கிறோம். பின்னால் குவித்தாலோ கொக்கி மேலே எம்பும், டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும்.

லைட் விஷயத்தில் நான் தோற்றவன். டெயில் லைட் இரண்டு தடவை மாற்றியாயிற்று, இரண்டையும் கரும்புத் தோகை மறைத்தது. பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிர் ஸ்டிக்கர் ஒட்டியும் பாரம் தொங்கினால் அதே கதைதான். கடைசியில், நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பின் நுனியிலேயே பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். அதுதான் வேலை செய்கிறது.

அப்புறம், ரோட்டோரம் நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டை, கயிறு போட்டு டிரெய்லரிலேயே தொங்குகிறது. அண்ணன் மட்டும் இன்னும் கல்தான் வைக்கிறார். கிளம்பும்போது அதை ரோட்டில் விட்டுவிடாமல் எடுத்துப் போட நான்தான் இறங்க வேண்டியிருக்கிறது.