கண்மாய்க் கரம்பைக்கு அரசு தரும் இலவச அனுமதி: பயன்படுத்திப் பார்த்தவனின் மதிப்பீடு

வறட்சி என்ற பேச்சு எழுந்தாலே நிவாரணத் தொகை எவ்வளவு என்று கேட்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்துபோய், 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோது, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் வழங்கப்பட்டது. 33 விழுக்காட்டுக்கு மேல் பயிர் அழிந்தவர்களுக்கே அது கிடைத்தது. கடனில் நின்றவர்களுக்கு அந்தப் பணம் உதவியது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அடுத்த வறட்சியைத் தாங்கும் வலுவை அது நிலத்துக்கும் தரவில்லை, கண்மாய்க்கும் தரவில்லை. கண்மாயில் படிந்த வண்டலை, அதாவது கரம்பையை, விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு வழங்கும் அனுமதி, இந்த இரண்டையும் ஒரே வேலையில் செய்யக்கூடியது. மதுரைக்குத் தென்மேற்கே, பெரியாறு, வைகைத் தண்ணீர் எட்டாத மானாவாரிப் பகுதியில் உள்ள என் செவல் (செம்மண்) நிலத்துக்காக இந்தச் சேவையைப் பயன்படுத்தினேன்.

நடைமுறை முன்பைவிட எளிதாகியிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியிருந்த கோப்பு, 2024 ஜூலையிலிருந்து வட்டாட்சியர் நிலையிலேயே முடிந்துவிடுகிறது. விண்ணப்பத்தையும் இணையத்திலேயே பதிவு செய்யலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் என்பது அளவு. டிராக்டர் கணக்கில் சொன்னால் முறையே 25 லோடும் 30 லோடும் ஆகும். மண்பாண்டத் தொழில் செய்வோருக்கு 60 கனமீட்டர் வரை உண்டு. மாவட்ட அரசிதழில் வெளியான பட்டியலில் உங்கள் கண்மாய் இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்; பட்டியலில் இல்லாத சிறு கண்மாயில், எவ்வளவு மேடு தட்டிப்போயிருந்தாலும், எடுக்க முடியாது. நாற்பது எக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலிருக்கும் கண்மாய்களையே எங்கள் பகுதியின் பெரும்பாலான மானாவாரிக் கிராமங்கள் நம்பியிருக்கின்றன என்பதால், அந்தப் பட்டியல் இன்னும் விரிவாக இருக்க வேண்டும்.

முப்பது லோடு என்றதும் நிலமே மாறிவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால், 90 கனமீட்டர் மண்ணை ஓர் ஏக்கரில் சீராகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் நிற்கும். ஆனாலும் அந்த மெல்லிய படலம் செய்யும் வேலை பெரிது. செவலில் விழுந்த மழை மூன்று நான்கு நாள் வெயிலில் காணாமல் போகும். கரம்பை கலந்த துண்டில் ஒரு சாண் ஆழத்தில் விரலை விட்டால் அதற்குப் பிறகும் ஈரம் தட்டுப்படுகிறது. குதிரைவாலி கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை தள்ளிப்போனால், அந்தச் சில நாள் ஈரமே மகசூலைக் காப்பாற்றும். கண்மாயின் பக்கம் பார்த்தால், ஓர் ஏக்கருக்கு எடுக்கும் மண் 90,000 லிட்டர் தண்ணீருக்கு இடம் விட்டுப் போகிறது. நூறு ஏக்கர் புஞ்சைக்காரர்கள் சேர்ந்து எடுத்தால், ஏறத்தாழ ஒரு மில்லியன் கனஅடியில் மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு கூடும். தூர்வாரும் செலவில் ஒரு பகுதியை அரசுக்கு விவசாயிகளே மிச்சப்படுத்திக் கொடுக்கிறார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

இந்தச் சேவையின் பெரிய குறை, எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த ஆணையில் சர்வே எண் இருந்தது, கன அளவு இருந்தது. உள்வாயில், அதாவது கண்மாயின் நீர் தேங்கும் உட்பகுதியில், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பது இல்லை. ஜேசிபி ஓட்டுநர் வண்டி சுலபமாகத் திரும்பும் இடத்தில், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்கு எதிரே உள்ள வெட்டவெளியில், வாளியை இறக்கினார். வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் ஊரின் நீர்பாய்ச்சி ஓடிவந்து நிறுத்தினார். "தம்பி, மடைக்கு முன்னாடி குழி போட்டா கடைசித் தண்ணி வயலுக்கு ஏறாது, குழியிலேயே கிடக்கும். மேட்டுப் பக்கமா வெட்டச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் ஆடுமாடு குடிக்கவும் கிணறு ஊறவும் உதவுமே தவிர, தானாக வயலுக்குப் பாயாது. அந்த மட்டத்துக்கு மேலே, தண்ணீர் வந்து சேரும் மேட்டுப்பகுதியில் தட்டிக் கிடக்கும் வண்டலை எடுத்தால்தான் பாசனத்துக்கான கொள்ளளவு கூடும். கரையடியை ஒட்டி வெட்டினால் கரையே பலவீனப்படும்.

மேட்டுப் பகுதிக்கு யாரும் போகாததற்குக் காரணம் சீமைக்கருவேல மரங்கள். தென்மாவட்டங்களில் அவற்றை அகற்றும்படி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு பல கண்மாய்களில் மரங்களை வெட்டினார்கள். தூரை விட்டுவைத்த இடங்களில் எல்லாம் மறுபடி தழைத்துவிட்டன. வண்டல் எடுக்கும் இடத்தை மேட்டுப்பகுதியில் கல் நட்டுக் குறித்துக் கொடுத்து, தூரோடு பிடுங்குவதையும் அனுமதியின் நிபந்தனையாக்கினால், தனி டெண்டர் இல்லாமலேயே இரண்டு வேலைகளும் நடக்கும். மடையின் அடிமட்டம் நீர்வளத்துறைக்கும் ஒன்றியப் பொறியாளருக்கும் தெரிந்த அளவுதான். ஆணையில் அதற்கென ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

மண்தான் இலவசம், ஜேசிபி வாடகையும் டிராக்டர் வாடகையும் நம் கைக்காசு. நிலம் தொலைவில் இருக்கும் சிறு விவசாயி, அனுமதி கையில் இருந்தும் பாதி லோடுகளோடு நிறுத்திக்கொள்வதை எங்கள் ஊரிலேயே பார்த்தேன். வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களை இந்த அனுமதியோடு இணைத்து, சிறு குறு விவசாயிகளுக்குக் குறைந்த வாடகையில் கொடுத்தால், இந்தத் திட்டம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைச் சென்றடையும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கண்மாய் வற்றத் தொடங்கும் மாசியிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. பங்குனி, சித்திரையில் மண்ணை அடித்துக் குவித்து, கோடை மழைக்கு முன் பரப்பிவிட்டால், கட்டிகள் மழையில் தாமாக உடைந்து உழவில் கலந்துவிடும். ஆடிக்குப் பிறகு கொட்டிய மண் கட்டியாகவே கிடந்து விதைப்பைக் கெடுக்கும். கரிசல் நிலம் வைத்திருப்பவர்கள் இதற்காக அலைய வேண்டியதில்லை, அந்த மண்ணிலேயே களி போதுமான அளவு இருக்கிறது. செவலும் சரளையும் உள்ளவர்கள், முதல் லோடு ஏற்றுவதற்கு முன்பே, உள்வாயில் இரண்டு மூன்று இடங்களில் எடுத்த கரம்பையை வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உவர்த்தன்மை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உவர்மண்ணை நிலத்தில் பரப்பிவிட்டால் திரும்ப அள்ள வழியில்லை.