ஆர்டிஎக்ஸ் 4060 போட்டும் வேகம் கூடவில்லை: பினாங்கு வீட்டுக் கணினியில் கண்டதும் சரிசெய்ததும்

கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிய பிறகும் கேம் பழையபடியே திணறினால் முதல் பழி புது கார்டின் மேல்தான் விழும். எங்கள் வீட்டிலும் தம்பி உடனே, "கார்டு கோளாறுண்ணே, திருப்பிக் கொடுத்துடலாம்" என்றான். அந்தக் கார்டு இன்றும் அதே கேசிங்கில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. கோளாறு இருந்தது வேறு இடங்களில். அவற்றைத் தேடிய விதத்தையும், அதற்குப் பிறகு நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்ததையும் எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் யாராவது ஒருவர் தேவையில்லாமல் வாரண்டிக்கு அலையாமல் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

கணினி இதுதான்: ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 1080பி அளவில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் மொத்தமாகப் பூட்டி வாங்கியது. அதில் 2016இல் வெளியான ஜிடிஎக்ஸ் 1060 இருந்தது. அதை எடுத்துவிட்டு 2023இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 4060 போட்டோம். ஏழு வருட இடைவெளி என்றால் வித்தியாசம் கண்ணில் அடிக்க வேண்டும். ஆனால் கவுண்டர்-ஸ்டிரைக் 2இல் எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரையப்படும் படங்கள், அதாவது ஃபிரேம்கள்) 100ஐச் சுற்றியே நின்றது, பழைய கார்டில் வந்த அளவுதான். சைபர்பங்க் 2077இல் சந்தைக் கூட்டத்துக்குள் நுழைந்தால் 45க்கு இறங்கி, திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டியது.

நண்பர்கள் பவர் சப்ளையைச் சந்தேகித்தார்கள். அதை நான் ஏற்கவில்லை, காரணமும் எளிது. பழைய 1060 இழுப்பது 120 வாட். புதிய 4060 இழுப்பது 115 வாட். பழையதைத் தாங்கிய பவர் சப்ளைக்குப் புதியது சுமையே இல்லை. தவிர, மின்சாரம் போதாவிட்டால் கணினி பட்டென்று அணையும், திரை கறுக்கும், ரீஸ்டார்ட் ஆகும். ஒரே சீராக மெதுவாக ஓடாது.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் 1972இலிருந்தே சில்லுகளைப் பூட்டிச் சோதிக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இன்டெல், ஏஎம்டி இரண்டும் அந்த ஆண்டுதான் இங்கே வந்தன. நான் வேலை செய்வதும் அந்த வட்டாரத்தில்தான். எங்கள் டெஸ்டிங் பிரிவில் இருக்கும் மூத்த அண்ணன் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கார்டு எவ்வளவு வேலை செய்யுதுன்னு முதல்ல அளந்து பாரு தம்பி. அப்புறம் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. ரெண்டைச் சேர்த்து மாத்தினா எது உதவுச்சுன்னு உனக்கே தெரியாது" என்றார். அவர் சொன்ன வரிசையில்தான் எல்லாவற்றையும் செய்தேன்.

அளக்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போதும், இலவசம். கேம் ஓடும்போதே திரையின் மூலையில் கார்டின் பயன்பாடு, பிராசஸரின் ஒவ்வொரு திரெட்டின் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசையின்) பயன்பாடு, ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம் எல்லாவற்றையும் காட்டும். அங்கே முதல் விடை கிடைத்தது: எஃப்பிஎஸ் தரையில் கிடக்கும்போது கார்டின் பயன்பாடு 55 சதவீதம். முழு மூச்சில் உழைக்கும் கார்டு 95க்கு மேல் காட்டும். அப்படியானால் இந்தக் கார்டு பாதி நேரம் சும்மா நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்பதை மாமாக் உணவுக் கடையில் பார்க்கலாம். கல்லில் ரொட்டி சானாய் போடுபவர் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும், மாவை வீசி விரித்துக் கொடுப்பவர் மெதுவாக இருந்தால் கல் காலியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எது எங்கே நிற்கிறது, எதை வரைய வேண்டும் என்ற கணக்கைப் பிராசஸர் முடித்துக் கொடுத்த பிறகுதான் கார்டு வரைகிறது.

இதை உறுதிசெய்ய இன்னொரு சோதனை இருக்கிறது, கருவி எதுவும் வேண்டாம். கேமின் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. அசையாமல் நின்றால் தடை பிராசஸர் பக்கம். எனக்கு ஓர் எண்கூட ஏறவில்லை. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் பிராசஸர் பயன்பாடு 45 சதவீதம் என்று காட்டும், பிராசஸருக்கு வேலையே இல்லை என்று தோன்றும். அது பன்னிரண்டு திரெட்டுகளின் சராசரி. கேமின் முக்கிய வேலை ஓடும் ஒரு திரெட் முழுசாக நிரம்பியிருந்தாலும் அந்தச் சராசரியில் தெரியாது.

அடுத்து, கணினியின் பாகங்களைப் பற்றிச் சொல்லும் சிபியு-இசட் நிரலைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தேன். உண்மையான அதிர்ச்சி அங்கேதான். இரண்டு ரேம் குச்சிகள் இருந்தும் சிங்கிள் சேனல் என்று காட்டியது, அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே இரண்டு பாதைக்குப் பதில் ஒன்றுதான். வேகம் 1066 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும் டிடிஆர் கணக்கில் இரட்டிப்பாக்கினால் 2133. நாங்கள் காசு கொடுத்து வாங்கியதோ 3200 ரேம். கேசிங்கைத் திறந்தால், கடையில் பூட்டியவர் இரண்டு குச்சிகளையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருந்தார். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டால்தான் பெரும்பாலும் டூயல் சேனல் கிடைக்கும். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸில், ரேமை அதற்குக் குறித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியும் இயக்கப்படவில்லை. வாங்கிய நாளிலிருந்து இந்தக் கணினி அரை நினைவாற்றலில் ஓடியிருக்கிறது. பழைய கார்டே மெதுவானது என்பதால் யாருக்கும் தெரியவில்லை. காசு வாங்கிக்கொண்டு பூட்டிக் கொடுப்பவர்கள் பயாஸில் இரண்டு நிமிடம் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குச்சிகளை மாற்றிச் செருகினேன், எக்ஸ்எம்பியை இயக்கினேன். 3200இல் கணினி தொடங்கியது, ஆனால் கேமுக்கு நடுவே இரண்டொரு முறை நின்றது. ரைசன் 2600க்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 2933தான், அதனால் கையால் 2933 வைத்தேன். ஓர் இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடவிட்டேன், ஒரு பிழையும் வரவில்லை. காகிதக் கணக்கில் நொடிக்கு 17 ஜிபியாக இருந்த நினைவகப் பாதை 47 ஜிபி ஆனது. பழைய ரைசன்களில் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே இரண்டு கூறுகளாக இருக்கும் கோர்களை (கணக்கிடும் மையங்களை) இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவதால், அதுவும் வேகம் பிடித்தது.

பலன்? கவுண்டர்-ஸ்டிரைக் 140ஐத் தொட்டது. சைபர்பங்க் கூட்டத்தில் 60 கிடைத்தது. சராசரியைவிட முக்கியமானது, மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ். அது ஏறியதால்தான் அந்த வெட்டுகள் பெரும்பாலும் மறைந்தன. கைக்கும் கண்ணுக்கும் தெரிவது அந்த எண்தான், சராசரி அல்ல. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடச் செலவில்லாமல் வந்த முன்னேற்றம் இது.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிடியு என்ற நிரல் கொண்டு டிரைவரைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன், வித்தியாசம் தெரியவில்லை. ஒரே நிறுவனத்தின் கார்டிலிருந்து அதே நிறுவனத்தின் கார்டுக்கு மாறும்போது இதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கார்டின் விவரம் சொல்லும் ஜிபியு-இசட் நிரலில் கார்டு பிசிஐஇ 3.0, எட்டு லேன் என்று காட்டியது (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பாதையின் தலைமுறையும் அதன் தடங்களும்). 4060க்கு இருப்பதே எட்டு லேன், பி450 மதர்போர்டு 3.0 வரைதான் போகும், ஆகவே அது சரி. உங்களுக்கு 2.0, நான்கு லேன் என்று காட்டினால் கார்டு கீழ் ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைப் பார்க்கும்போது கார்டுக்கு வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள், சும்மா இருக்கும்போது 1.1 என்று இறங்கிக் காட்டும். எஃப்பிஎஸ் ஓர் எண்ணில் ஆணி அடித்ததுபோல் நின்றால் கேமே போட்ட வரம்பாக இருக்கலாம். எல்டன் ரிங் 60க்கு மேல் போகாது, அதில் கோளாறு எதுவும் இல்லை.

விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அம்சம் கேம் வேகத்தைக் கொஞ்சம் தின்னும். ஜென் 2 தலைமுறை முதல் வந்த ஏஎம்டி பிராசஸர்களில் அதற்கென்று வன்பொருள் உதவி உண்டு. 2600 அதற்கு முந்தையது, எனவே இழப்பு கூடுதல். அணைத்துப் பார்த்தேன், சில எஃப்பிஎஸ் வந்தது. ஆனால் அம்மாவின் பேங்க் வேலையும் இதே கணினியில்தான் நடக்கிறது. திரும்ப இயக்கிவிட்டேன்.

ரேம் சரியான பிறகும் கார்டின் பயன்பாடு 75 சதவீதத்தைத் தாண்டவில்லை. இந்த நிலையில் சில மாதங்கள் ஓட்டினோம், அப்போது சில விஷயங்கள் புரிந்தன. பிராசஸர் தடையாக இருக்கும்போது டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங் (சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கும் முறை) போட்டாலும் எஃப்பிஎஸ் ஏறாது. அது கார்டின் சுமையைத்தான் குறைக்கிறது, கார்டு ஏற்கனவே சும்மா நிற்கிறதே. அதையே திருப்பிப் பாருங்கள்: டெக்ஸ்சர், நிழல், ஆன்டி-ஏலியாசிங் போன்றவற்றை ஏற்றினாலும் எஃப்பிஎஸ் பெரிதாகக் குறையாது. அழகு ஏறக்குறைய இலவசம். குறைக்க வேண்டியவை கூட்டத்தின் அடர்த்தி, தூரக் காட்சி, ரே டிரேசிங் ஆகியவை, இவை பிராசஸரையும் வாட்டும். இடையிடையே செயற்கை ஃபிரேம்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் எண்ணை உயர்த்திக் காட்டும், நடந்து சுற்றிப் பார்க்கும் கேமுக்கு நன்றாகவும் இருக்கும். மவுஸை அசைத்ததும் திரை பதில் சொல்லும் வேகத்தை அது கூட்டாது.

பிறகு ஏறக்குறைய 500 வெள்ளிக்கு ரைசன் 5 5600 வாங்கினேன். மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை, அதே ஏஎம்4 சாக்கெட், அதே 65 வாட். ஆனால் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புதியதோடு கணினி தொடங்காது. பினாங்கில் மாலை நேரத்து இடி மழை எப்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் என்று சொல்ல முடியாது. பயாஸ் எழுதும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே போகலாம். வெயில் தெளிந்த காலையில் செய்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள், யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

கூலரைக் கழற்றுவதற்கு முன் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் இளகிய பிறகு அணைத்து, கூலரை மெல்லத் திருகி எடுங்கள். காய்ந்த பேஸ்டோடு நேராக இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஏஎம்4இல் ஊசிகள் பிராசஸரில்தான் இருக்கின்றன. மாற்றிய பிறகு முதல் தடவை தொடங்கும்போது, பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் எஃப்டிபிஎம்மை அழிக்கலாமா என்று கேட்கும். டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு இருந்தால் ரிகவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மறந்தால் கோப்புகள் எல்லாம் பூட்டுக்குள் போய்விடும்.

இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் 4060 என்ன கார்டு என்று தெரிந்தது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 2600இல் 16 எம்பி, அதுவும் இரண்டு பாதியாகப் பிரிந்தது. 5600இல் 32 எம்பி, ஆறு கோரும் ஒன்றாகப் பகிர்வது. கேமுக்கு இது பெரிய வரம். ரேம் 3200இல் நிலையாக நின்றது. கவுண்டர்-ஸ்டிரைக் 200க்கு மேல் போனது. சைபர்பங்கில் கார்டின் பயன்பாடு 97 சதவீதம், எஃப்பிஎஸ் 80க்கு மேல். கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பாரையும் பயாஸில் இயக்கினேன், அதற்கு சிஎஸ்எம் என்ற பழைய தொடக்க முறை அணைந்திருக்க வேண்டும். அதன் உதவி கேமுக்குக் கேம் மாறும்.

நீண்ட நாள் பயன்பாட்டில் கார்டு எந்தத் தொல்லையும் தரவில்லை. கவனிக்க வேண்டியது தூசி. எங்கள் வீட்டில் கணினி ஹாலில், சாமி மேடைக்கு அருகில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் இங்குள்ள ஈரக்காற்றும் சேர்ந்தால் ஃபில்டரில் படியும் தூசி பிசின்போல் ஒட்டிக்கொள்கிறது, ஊதினால் போகாது. கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். இடத்தை மாற்றிய பிறகு, மதிய வெக்கையில் ஏர்கான் இல்லாமல் ஓட்டினாலும் கார்டு 70 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது.

குறை என்றால் கார்டின் 8 ஜிபி நினைவகம். புதிய கேம்களில் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் அது நிரம்பி, மீதி கணினியின் ரேமுக்கு வழிகிறது. 3.0 பாதையில் எட்டு லேனுக்கு நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபிதான் போகும், 4.0 மதர்போர்டில் அதுவே 16. வெட்டு மறுபடி தலைகாட்டுவது இந்த ஒரு நிலையில்தான், டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் போய்விடுகிறது. 1440பி மானிட்டர் வாங்கும் ஆசை எனக்கு உண்டு. அதில் வரைய வேண்டிய புள்ளிகள் 78 சதவீதம் கூடும், இந்த முறை சுமை முழுக்க கார்டின் மேல் விழும். ஆகவே குறைந்தது 12 ஜிபி உள்ள கார்டுக்குக் காசு சேரும்வரை 1080பி மானிட்டரிலேயே இருக்கப் போகிறேன்.