சிஎஸ்எஸ்ஸா, பூட்ஸ்ட்ராப்பா: முதலில் எது?

கிருஷ்ணகிரி மாம்பழ மண்டிக்கு ஒரு இணையப் பக்கம் செய்து பழகலாம் என்று உட்காரும் தம்பிகளுக்கு வரும் முதல் குழப்பம் இது. சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் நிறம், அளவு, இடைவெளியை நாமே எழுதும் மொழி; பூட்ஸ்ட்ராப் அதே மொழியில் முன்பே எழுதிவைத்த தொகுப்பு.

செலவு: இரண்டும் இலவசம்.

வேகம்: பூட்ஸ்ட்ராப்தான். பட்டனுக்கு ‘பிடிஎன்-வார்னிங்’ என்று கிளாஸ் (தோற்றத்தைக் குறிக்கும் பெயர்) போட்டால் மஞ்சள் வந்துவிடும். ஆனால் அது அதனுடைய மஞ்சள். பழுத்த பெங்களூரா மாம்பழத்தின் மஞ்சள் வேண்டுமென்றால் சிஎஸ்எஸ் தெரியாமல் நகர முடியாது. மார்ஜினும் பேடிங்கும் அப்படித்தான்: பார்டருக்கு வெளியே விடும் இடைவெளி மார்ஜின், உள்ளே விடுவது பேடிங். இது பிடிபடாமல் நான் ஒரு மாலை முழுக்கத் திண்டாடினேன்.

எடை: பூட்ஸ்ட்ராப் 5.3இன் சுருக்கிய கோப்பே 200 கேபிக்கு மேல். சின்னப் பக்கத்துக்குக் கையால் எழுதினால் நாலைந்து கேபி.

நாளைக்கே டெமோ காட்ட வேண்டுமா, சரி, பூட்ஸ்ட்ராப். வேலைக்குப் போகும் எண்ணமென்றால் முதல் மாதம் சிஎஸ்எஸ் மட்டும், அப்புறம் மற்றது.